லீப் வருஷமும் லீப் விநாடியும்: யந்திரத்தின் பிசகா, மனிதனின் பிசகா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கம்ப்யூட்டர் யந்திரங்கள் லீப் வருஷத்தையும் லீப் விநாடியையும் எப்படிக் கணக்குப் பார்க்கின்றன என்பதாகும். இதைக் கேட்டவுடன், "இது படித்த இஞ்சினீயர்கள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி, உழுகிறவனுக்கும் கடை வைத்திருக்கிறவனுக்கும் இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று நம்முடைய பாங்குக் கணக்கு, ரயில் டிக்கெட், ரேஷன் கார்டு, பென்ஷன் ஆகிய எல்லாம் அந்த யந்திரத்தின் கையில்தான் இருக்கின்றன. அது "இன்று இன்ன தேதி" என்று சொன்னால் அதுவே தேதி. "உன் தவணை முடிந்துவிட்டது" என்று சொன்னால் முடிந்துவிட்டது. ஏனய்யா என்று கேட்டால், "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது" என்று குமாஸ்தா சொல்லிவிடுகிறார். நாமும் அசரீரி கேட்டவர்கள்போல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆகையால், அந்த யந்திரத்துக்குத் தேதி எப்படித் தெரிகிறது, அது எங்கே பிசகுகிறது, ஏன் பிசகுகிறது என்பதை ஒவ்வொருவரும் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். யந்திரத்துக்குச் சொந்த அறிவு கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, சொன்னதில் பிசகிருந்தால் அந்தப் பிசகையே பிசகில்லாமல் செய்யும். அதற்குச் சொல்லிவைக்கும் கட்டளைக்குத்தான் புரோகிராம் என்று பெயர். அதை எழுதுகிறவன் நம்மைப்போன்ற மனிதன்.

வருஷம் ஏன் முழு நாளில் முடிவதில்லை?

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நாள் உண்டாகிறது. பூமி சூரியனைச் சுற்றிவருவதால் வருஷம் உண்டாகிறது. இந்த இரண்டு சுற்றும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவேண்டும் என்று யாரும் ஏற்பாடு செய்துவைக்கவில்லை. பருவங்கள் திரும்பி வரும் ஒரு வருஷத்துக்கு 365 நாள் 5 மணி 48 நிமிஷம் 45 விநாடி ஆகிறது. 365 நாளோடு நிறுத்திக்கொண்டால் நாலு வருஷத்தில் ஏறக்குறைய ஒரு நாள் வித்தியாசம் வந்துவிடும். அதைச் சரிக்கட்ட மனிதன் கண்டுபிடித்த உபாயந்தான் பிப்ரவரி 29.

இந்த உபாயத்தை ரோமாபுரியில் கி.மு. 45-ல் அமலுக்குக் கொண்டுவந்தவர் ஜூலியஸ் சீசர். அவருக்கு யோசனை சொன்னவர் அலெக்சாந்திரியா நகரத்து வானநூல் அறிஞர் சோசிஜெனிஸ் என்பவர். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நாளைச் சேர்க்கவேண்டும் என்பதுதான் உத்தரவு. ஆனால் காலண்டரை நிர்வகிக்கும் அதிகாரம் அங்கே புரோகிதர்கள் கையில் இருந்தது. எண்ணத் தொடங்கும் வருஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது ரோமர் வழக்கம். அந்த வழக்கப்படி புரோகிதர்கள் நாலை எண்ணினார்கள்; மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நாளைச் சேர்த்தார்கள்! சீசரோ அடுத்த வருஷமே கொல்லப்பட்டுவிட்டார். இந்த உத்தரவு எதற்காக வந்தது, சூரியன் இப்போது எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. 36 வருஷத்தில் 9 நாள் சேர்க்கவேண்டியதற்கு 12 நாள் சேர்த்துவிட்டார்கள். பிறகு அகஸ்தஸ் சக்கரவர்த்தி சில காலம் லீப் வருஷமே வேண்டாமென்று நிறுத்திவைத்துக் கணக்கைச் சரிசெய்தார்.

இந்தக் கதையை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை விட்டுவிட்டு விதியை மாத்திரம் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் உதாரணம். இரண்டாயிரம் வருஷம் கழித்துக் கம்ப்யூட்டர் எழுதுகிறவர்களும் இதே குழியில்தான் விழுந்தார்கள்.

சீசர் கணக்கும் சரியல்ல. அவர் வருஷத்துக்கு 365¼ நாள் என்று வைத்தார். அது வருஷத்துக்கு 11 நிமிஷம் 15 விநாடி அதிகம். அந்த அதிகம் சேர்ந்து சேர்ந்து 1582-ல் 10 நாளாகிவிட்டது. போப் 13-வது கிரிகோரி அக்டோபர் 4-ந் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று உத்தரவு போட்டார். இங்கிலாந்து 1752-ல்தான் ஏற்றுக்கொண்டு 11 நாளை விட்டது. ருஷியா 1918-ல் 13 நாளை விட்டது. 1917-ல் நடந்த அக்டோபர் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பர் 7-ந் தேதி வருவதற்கு இதுதான் காரணம். இப்படி நாட்களைத் தள்ளியதால் சூரியன் உதிக்காமல் போகவில்லை; யாருடைய ஆயுளும் 10 நாள் குறையவில்லை. தேதி என்பது மனிதன் வைத்துக்கொண்ட பெயர், அவ்வளவுதான்.

முழு விதியும் அரை விதியும்

கிரிகோரி ஏற்பாட்டின்படி விதி என்னவென்றால்: வருஷத்தை 4-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடிந்தால் அது லீப் வருஷம். ஆனால் 100-ஆல் வகுக்க முடிந்தால் லீப் வருஷம் அல்ல. அப்படியிருந்தும் 400-ஆல் வகுக்க முடிந்தால் லீப் வருஷந்தான். ஆகவே 1900 லீப் வருஷம் அல்ல. 2000 லீப் வருஷம். வரப்போகிற 2100 லீப் வருஷம் அல்ல. 400 வருஷத்துக்கு 97 லீப் வருஷங்கள். இதை யந்திரத்துக்குச் சொல்வது ஒன்றும் பெரிய வித்தையல்ல. மூன்று வகுத்தல், மூன்று கேள்வி, ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2000-ம் வருஷம் வந்தபோது, "நாலால் வகுத்தால் போதும்" என்று முதல் விதியை மட்டும் தெரிந்தவன் எழுதிய புரோகிராம் சரியாகவே ஓடியது. மூன்று விதியும் தெரிந்தவன் எழுதியதும் சரியாக ஓடியது. இரண்டு விதி தெரிந்து, மூன்றாவதைத் தெரிந்துகொள்ளாதவன் எழுதியதே பிசகியது. முதல் விதி மட்டும் தெரிந்தவன் தப்பியது அறிவால் அல்ல, அதிர்ஷ்டத்தால். அவன் எழுதியது 2100-ல் பிசகும். அன்றைக்கு அதை எழுதியவன் இருக்கமாட்டான். அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இருக்காது.

பெரியவர்கள் செய்த பிசகு

இன்னொரு சங்கதி. லோட்டஸ் 1-2-3 என்று கணக்கெழுதும் புரோகிராம் ஒன்று 1983-ல் வெளிவந்தது. அது 1900 ஜனவரி 1-ந் தேதியை 1 என்று வைத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நம்பர் கொடுத்தது. அதில் 1900-ஐ லீப் வருஷம் என்று எழுதிவிட்டார்கள். ஆகவே உலகத்தில் ஒருபோதும் இருந்திராத 1900 பிப்ரவரி 29-க்கு 60 என்ற நம்பர் கிடைத்தது. பின்னால் மைக்ரோசாப்ட் கம்பெனியார் எக்செல் என்ற புரோகிராமைச் செய்தபோது, பழைய கணக்குகள் அப்படியே இதிலும் ஓடவேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அந்தப் பிசகையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் எக்செலில் 60 என்று எழுதித் தேதியாக மாற்றினால், நடவாத அந்த நாளைக் காட்டும்.

ஏன் திருத்தவில்லை என்றால், திருத்தினால் கோடிக்கணக்கான கணக்குகளில் தேதி ஒரு நாள் தள்ளிப்போகும் என்கிறார்கள். அந்தக் கஷ்டம் உண்மைதான். நாம் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பிசகு நெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு அது உண்மையாயிருப்பது அவசியமில்லை. அதன்மேல் பலபேர் வீடு கட்டிவிட்டால் போதும். எக்செல்காரர்களிடம் ஒரு யோக்கியப் பொறுப்பு இருக்கிறது. "இது பிசகுதான், இன்ன காரணத்துக்காக வைத்திருக்கிறோம்" என்று அவர்கள் அச்சிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். பழமையைக் காப்பாற்றுகிற எல்லோரும் இவ்வளவாவது சொன்னால் நமக்குப் பாதி வேலை மிச்சம்.

நடந்த விபரீதங்கள்

இனி, பிசகினால் வந்த கேடுகளைப் பார்ப்போம். நியூசிலாந்தின் தென்கோடியில் டிவாய் பாயிண்ட் என்ற இடத்தில் அலுமினியம் உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. 1996 டிசம்பர் 31-ந் தேதி நடுநிசியில் அதை நடத்தும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயின. வருஷத்தில் 366-வது நாள் ஒன்று உண்டென்று அவற்றுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. உலைத்தொட்டிகளில் சூட்டை அடக்க ஆளில்லாமல் சில தொட்டிகள் கெட்டுப்போயின. இரண்டு மணி கழித்து, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாவில் பெல் பே என்ற இடத்திலிருந்த ஆலையிலும் அதே புரோகிராம், அதே நடுநிசி, அதே கோளாறு.

2008 டிசம்பர் 31-ந் தேதி சூன் என்ற பாட்டுக் கேட்கும் சிறு யந்திரங்கள் ஊர் ஊராகச் செத்துக் கிடந்தன. அதற்குள் இருந்த கட்டளையைச் சொல்லுகிறோம், கேளுங்கள். மொத்த நாட்களைக் கையில் வைத்துக்கொண்டு, வருஷம் வருஷமாகக் கழித்து, இன்று எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க வேண்டும். "கையில் 365-க்கு மேல் இருக்கும் வரையில் கழித்துக்கொண்டே இரு. சாதாரண வருஷமானால் 365-ஐக் கழி. லீப் வருஷமானால், கையில் 366-க்கு மேல் இருந்தால் 366-ஐக் கழி." இவ்வளவுதான் கட்டளை. டிசம்பர் 31 அன்று கையில் இருந்தது சரியாக 366. 365-க்கு மேல் இருக்கிறதா? இருக்கிறது, ஆகவே கழிக்கப் போ. லீப் வருஷமா? ஆம். 366-க்கு மேல் இருக்கிறதா? இல்லை, ஆகவே கழிக்காதே. திரும்பி வா. 365-க்கு மேல் இருக்கிறதா? இருக்கிறது, கழிக்கப் போ. இப்படியே செக்குமாடு போல முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டரி தீரும்வரை விட்டு, மறுநாள் பொழுது ஏறியபின் போடுங்கள் என்பதுதான் கம்பெனியார் சொன்ன பரிகாரம். மறுநாள் 367 ஆனதும் தானே சரியாயிற்று. ரோமாபுரிப் புரோகிதர்கள் தொடங்கும் வருஷத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று பிசகியதும், இவர்கள் 366-ஐச் சேர்ப்பதா விடுவதா என்று பிசகியதும் ஒரே ஜாதிப் பிசகுதான்.

2012 பிப்ரவரி 29-ந் தேதி நடந்தது இன்னும் பெரிது. மைக்ரோசாப்டின் அஷூர் என்பது பல கம்பெனிகளின் காரியங்களை வாடகைக்கு நடத்திக் கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டர் கூட்டம். அங்கே உள்ளே ஓடும் ஒவ்வொரு யந்திரமும் தொடங்கும்போது தனக்கு ஒரு வருஷத்துக்குச் செல்லுபடியாகும் சர்டிபிகேட் செய்துகொள்ளவேண்டும். முடியும் தேதியைக் கண்டுபிடிக்க, வருஷத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். 2012 பிப்ரவரி 29-ல் ஒன்றைக் கூட்டினால் 2013 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் இல்லை. சர்டிபிகேட் பிறக்கவில்லை, யந்திரம் தொடங்கவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டிதான் கெட்டுப்போய்விட்டது" என்று மேலதிகாரிப் புரோகிராம் முடிவு கட்டி, அதிலிருந்த வேலைகளை வேறு பெட்டிக்கு மாற்றியது. அங்கேயும் அதே கதை. கெடாத பெட்டிகளை எல்லாம் கெட்டவை என்று ஒதுக்கி, கோளாறு தொற்றுநோய்போல் பரவியது. அதை அடக்க ஒரு நாளுக்கு மேல் பிடித்தது.

இதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்தாவது புத்தி வந்ததா? 2024 பிப்ரவரி 29-ல் நியூசிலாந்தில் ஆளில்லாத பெட்ரோல் பம்புகள் பல, பணம் வாங்கும் புரோகிராமுக்கு லீப் நாள் தெரியாததால், பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றுபோயின.

சிலர் கேட்கலாம்: "பிப்ரவரி 29-க்கு ஒரு வருஷம் கழித்து எந்த நாள்? நீங்களே சொல்லுங்கள்" என்று. வானத்தைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அன்று பிறந்த குழந்தைக்கு ஒரு வயது நிரம்புவது பிப்ரவரி 28-ஆ, மார்ச் 1-ஆ என்பதை மனிதர்கள் யோசித்து, சௌகரிய அசௌகரியங்களைப் பார்த்து, முடிவு செய்து, எழுதிவைக்க வேண்டும். முடிவு செய்யாமல் யந்திரத்தின் தலையில் போட்டால் யந்திரம் என்ன செய்யும்? ஆகையால் விஷயம் தெரிந்த புரோகிராம்காரர்கள் தேதிக் கணக்கைத் தாங்களே புதிதாக எழுதுவதில்லை. பலர் பரீட்சித்துத் திருத்திய பொதுப் புரோகிராமை எடுத்துக்கொண்டு, பிப்ரவரி 28, 29, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய நாட்களை முன்கூட்டியே கொடுத்து ஓட்டிப் பார்க்கிறார்கள்.

பூமியும் ஒரு நல்ல கடியாரமல்ல

இதுவரை சொன்னது விதி உள்ள விஷயம். லீப் விநாடிக்கு விதியே கிடையாது.

1967 முதல் விநாடி என்பதைப் பூமியின் சுழற்சியால் அளப்பதில்லை. சீசியம் என்ற உலோகத்தின் அணு வெளிவிடும் கதிரின் 919,26,31,770 அதிர்வுகள் ஒரு விநாடி என்று வைத்திருக்கிறார்கள். அந்த அணுக் கடியாரம் பிசகாது. பூமிதான் பிசகுகிறது. சந்திரன் இழுப்பதால் கடல் ஏறி இறங்குகிறது. அந்த உராய்வால் பூமியின் சுழற்சி வெகு மெதுவாகத் தளர்கிறது. நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி அதிகமானால், ஆயிரம் நாளில் ஒரு விநாடி ஆகிவிடும். அணுக் கடியாரத்துக்கும் பூமிக்கும் 0.9 விநாடிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாதென்று 1972 முதல் வேண்டியபோது ஒரு விநாடியைச் சேர்த்துவந்தார்கள். 1972 முதல் 2016 முடிய 27 தடவை சேர்த்தாயிற்று. சேர்க்கலாமா வேண்டாமா என்று பூமியை அளந்து பார்த்து, சுமார் ஆறு மாதம் முன்னதாகப் பாரிஸிலிருந்து அறிவிப்பார்கள். கடைசியாகச் சேர்த்த விநாடி இந்தியாவில் 2017 ஜனவரி 1-ந் தேதி காலையில் வந்தது. அன்று 5 மணி 29 நிமிஷம் 59 விநாடிக்குப் பிறகு 60-வது விநாடி ஒன்று வந்து, அதன் பிறகே ஐந்தரை மணி ஆயிற்று. நம்மில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தோம்.

ஆனால் கம்ப்யூட்டர்கள் தூங்குவதில்லையே! பெரும்பாலான பெரிய கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. அந்த எண்ணிக்கையில் நாளொன்றுக்கு எப்போதும் 86,400 விநாடிதான். 86,401-வது விநாடிக்கு அங்கே நம்பரே இல்லை. ஆகவே லீப் விநாடி வந்தால் போன விநாடியையே மறுபடியும் ஒருதடவை எண்ணுகின்றன; அதாவது கடியாரம் ஒரு விநாடி பின்னால் போகிறது.

இதனால் வந்த வினையைப் பாருங்கள். 2012 ஜூன் 30-ல் விநாடி சேர்த்தபோது, லினக்ஸ் என்ற அடிப்படைப் புரோகிராமில் இருந்த ஒரு கோளாற்றால், கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்க வேண்டிய புரோகிராம்கள் ஓயாமல் விழித்து விழித்து எழுந்து, யந்திரங்கள் மூச்சு முட்ட ஓடின. ரெட்டிட் முதலிய இணையத்தளங்கள் தடுமாறின. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானக் கம்பெனியில் பயணிகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு நின்று, விமானங்கள் தாமதப்பட்டன. பரிகாரம் என்ன தெரியுமா? "இப்போது மணி இன்னது" என்று யந்திரத்துக்குத் தெரிந்த மணியையே மறுபடி ஒருமுறை சொல்லவேண்டும், அடங்கிவிடும். 2017 பிறந்த விநாடியில் கிளவுட்பிளேர் என்ற கம்பெனியில் வேறொரு கோளாறு. ஒரு காரியம் முடிய எவ்வளவு நேரமாயிற்று என்று, முடிந்த மணியிலிருந்து தொடங்கிய மணியைக் கழித்துப் பார்க்கும் புரோகிராம் அது. கடியாரம் பின்னால் போனதால், தொடங்குமுன்பே முடிந்ததாகக் கணக்கு வந்தது. புரோகிராம் திகைத்து விழுந்தது. "காலம் பின்னால் போகாது" என்று எழுதியவர் நம்பினார். காலம் போகாது, ஆனால் கடியாரம் போகும். இரண்டும் ஒன்றல்ல. ஓட்டப் பந்தயத்தில் நேரத்தை அளக்கும் கடியாரம் வேறு, சுவரில் மணி காட்டும் கடியாரம் வேறு என்று பிரித்து வைப்பதே இதற்கு மருந்து.

கூகிள் கம்பெனியார் வேறொரு தந்திரம் செய்தார்கள். ஊர்ச் செலவை ஒருவன் தலையில் போடாமல் தலைக்கட்டு வரியாகப் பிரிப்பதுபோல, அந்த ஒரு விநாடியை ஒரு நாளின் 86,400 விநாடிகளுக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் கண்ணுக்குத் தெரியாதபடி சற்று நீட்டிவிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கம்பெனி ஒருவிதமாயும் இன்னொரு கம்பெனி வேறுவிதமாயும் பங்கிட்டால், அந்த நாள் முழுவதும் இவன் மணியும் அவன் மணியும் ஒத்துவராது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களோ 1980-ல் தொடங்கியது முதல் லீப் விநாடியைச் சேர்ப்பதே இல்லை. அதனால் அவை உலகப் பொது நேரத்துக்கு 18 விநாடி முந்தியிருக்கின்றன.

கூடிப் பேசி எடுத்த முடிவு

இதோடு 2020 முதல் பூமி எதிர்பார்த்ததைவிடச் சற்று வேகமாகச் சுற்றுகிறது. இப்படியே போனால் ஒரு விநாடியைச் சேர்ப்பதற்குப் பதிலாக எடுக்கவேண்டி வரலாம். அப்படி இதுவரை ஒருமுறைகூடச் செய்ததில்லை. எந்தப் புரோகிராம் அதைத் தாங்கும் என்று நடந்து பார்த்தவர் யாருமில்லை. துருவப் பனி உருகி நீர் நடுப்பக்கமாகப் பரவுவதால் சுழற்சி கொஞ்சம் தளர்ந்து, அந்தத் தேவை 2029 வரையில் தள்ளிப்போகலாம் என்று 2024-ல் டங்கன் ஆக்னியூ என்ற ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்.

இந்தத் தொல்லைகளை எல்லாம் யோசித்து, 2022 நவம்பரில் பிரான்சில் கூடிய அளவைகளுக்கான சர்வதேச மகாநாட்டில் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஒரு தீர்மானம் செய்தார்கள். பூமிக்கும் கடியாரத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வைத்த எல்லையை 2035-க்குள் பெரிதாக்கிவிடுவது என்பதே அது. அதாவது அடிக்கடி ஒரு விநாடியைச் சேர்க்கும் வழக்கத்தை நிறுத்திவிடுவது. ஐம்பது வருஷம் நடந்த ஏற்பாடு, செய்தவர்களும் அறிஞர்களே. ஆனாலும், "நேற்று இது பயன்பட்டது, இன்று நன்மையைவிடத் தொல்லை அதிகமாயிருக்கிறது, ஆகையால் மாற்றுவோம்" என்று காரணம் சொல்லி, தேதி குறித்து, அவகாசம் கொடுத்து மாற்றுகிறார்கள். முன்னோரை அவமதித்துவிட்டதாக யாரும் சண்டைக்கு வரவில்லை.

தோழர்களே! இவ்வளவு நேரம் சொன்னதன் சாரம் இதுதான். பிப்ரவரி 29 ஆனாலும், 60-வது விநாடி ஆனாலும், மனிதன் தன் சௌகரியத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாட்டின் காரணத்தைத் தெரிந்தவன் அதைச் சரியாகவும் நடத்துவான், வேண்டியபோது மாற்றவும் செய்வான். காரணத்தை விட்டு விதியை மட்டும் பிடித்தவன், ரோமாபுரிப் புரோகிதனானாலும் சரி, பெரிய சம்பளம் வாங்கும் இஞ்சினீயரானாலும் சரி, ஒரே இடத்தில்தான் இடறி விழுவான்.

இங்கே வந்திருக்கும் வாலிபர்களில் பலர் புரோகிராம் எழுதப் படிக்கிறீர்கள். நீங்கள் ஒரு விதியை எழுதும்போது, அது ஏன் என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவன் உங்களைக் கும்பிடவேண்டாம், திருத்தினால் போதும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வது: நாளை ஒரு ஆபீசில், "கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுகிறது" என்று உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளினால், தலை குனிந்து திரும்பி வராதீர்கள். "அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் யார்? எந்தக் கணக்கின்படி? காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல யந்திரத்தால் முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் மனிதனால்தான் முடியும். அவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.